காவிரியின் திமில் மஹ்சீர்: தூண்டில் காத்ததா, கெடுத்ததா?

பெங்களூரின் பெரும்பாலான வீடுகளில் குழாயைத் திறந்தால் வருவது காவிரித் தண்ணீர். ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பால், தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்தது போக மிஞ்சிய ஆறு, சிவனசமுத்திரம் அருவிக்குக் கீழே காட்டுக்குள் நுழைகிறது. தொட்டமாக்களி, பீமேஸ்வரி, முத்தத்தி, காலிபோரே, சங்கமம், மேகதாது என்று பாறையும் மடுவுமாக இறங்கி ஒகேனக்கலை நோக்கிப் போகிறது. இந்த மடுக்களில் ஒரு மீன் இருக்கிறது. முதுகில் திமில், ஆரஞ்சு நிறத் துடுப்பு, உள்ளங்கை அளவுக்குச் செதில், 50 கிலோவைத் தாண்டும் உடல். ஆங்கிலேயர் காலத்திலிருந்து தூண்டில்காரர்கள் கடல் கடந்து தேடி வந்த மீன் இது. திமில் மஹ்சீர் என்று பெயர். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் இதை 'மிகவும் அழிவுநிலையில் உள்ள' இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு அடுத்த படி, காட்டில் அழிந்தது என்பதுதான்.

இந்த மீனைப் பிடித்து, எடை பார்த்து, படமெடுத்து, திரும்ப ஆற்றில் விடும் பழக்கம் பெங்களூரை மையமாக வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 2012-இல் நின்றது. அந்தப் பழக்கம் மீனைக் காத்ததா கெடுத்ததா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. காட்டுயிர் ஆர்வலர்கள் ஒரு பக்கம், தூண்டில்காரர்கள் இன்னொரு பக்கம் என்று நிற்கிறார்கள். இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்புமே அதிகம் பேசாத ஒரு விஷயத்தில்தான் விடை இருப்பதாக நான் கருதுகிறேன். அதற்கு வருமுன் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

மதராஸ் சிவில் சர்வீஸில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் மங்களூரில் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை அச்சிட்டார். இந்தியாவில் தூண்டில் போடுவோருக்கு வெகுகாலம் அதுதான் வேதம். சால்மனைவிட மஹ்சீர் வலுவாகப் போராடும் என்று இங்கிலாந்துக்காரர்களிடம் வாதாடியவர் அவர். வாய்க்காலை அடைத்தும், நஞ்சு கலந்தும், சினை மீனையும் குஞ்சையும் அள்ளியும் ஆறுகளைக் காலி செய்கிறார்கள் என்று அரசுக்கு எழுதியவரும் அவரே. வெடியும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பதைக் குற்றமாக்கிய இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல்தான் வந்தது. சட்டம் வந்து 125 ஆண்டுகள் கடந்தும், காவிரிக் கரையில் வெடி ஓயவில்லை.

தூண்டிலில் பிடிபட்ட மஹ்சீர்களில் மிகப் பெரியது என்று இன்றும் சொல்லப்படுவது 1946-இல் கபினி ஆற்றில் கிடைத்தது. எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல். பிடித்தவர் மைசூரின் புகழ்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர். மகாராஜாக்களும் துரைமார்களும் சுட்ட புலிகளைப் பாடம் செய்து கொடுத்த குடும்பம் அது. அந்தக் காலத்தில் பிடித்த மீனை யாரும் விடவில்லை. எடை பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், முகாமுக்கே சாப்பாடாகிவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு அணைகள், வெடி, வலை எல்லாம் சேர, மஹ்சீர் முடிந்தது என்றே வெளியுலகம் நினைத்தது. 1977-78 வாக்கில் பிரிட்டனிலிருந்து மூன்று இளைஞர்கள் 'டிரான்ஸ் வேர்ல்ட் ஃபிஷிங் டீம்' என்ற பெயரில் வந்து, காவிரியில் 92 பவுண்டு மீனைப் பிடித்துக் காட்டினார்கள். செய்தி பரவியது. பெங்களூரில் 1972-இல் தொடங்கப்பட்டிருந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரியில் மீன்பிடி முகாமைத் திறந்தது. பிறகு தொட்டமாக்களியிலும் காலிபோரேயிலும் முகாம்கள் வந்தன. பிடித்த மீனை விட்டாக வேண்டும் என்பது முகாம்களின் விதி.

அந்த முகாம்களில் தூண்டில் போட்ட விதம் செயற்கைப் பூச்சியை வீசும் மேல்நாட்டு ஃப்ளை மீன்பிடிப்பு போன்றதல்ல. இரை, ராகி. கேழ்வரகு மாவில் மசாலாப் பொடி சேர்த்துப் பிசைந்து, உருட்டி, வேகவைத்து, மேலே கெட்டியாகும்வரை ஆறவிடுவார்கள். எலுமிச்சை அளவில் ஓர் உருண்டை. அதைப் பெரிய முள்ளில் பொதிந்து, கனமான நரம்பில் ஈயம் சுற்றி, மடுவின் வாயில் எறிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மஹ்சீரின் தாடையில் பல் கிடையாது, தொண்டையில் இருக்கிறது. கடினமான இரையை அங்கே கொண்டுபோய் நொறுக்கும். அதனால் முதலில் லேசான தட்டல்தான் தெரியும். முள் ஏறியதும் மீன் நீரோட்டத்தோடு கீழே பாயும். ரீலில் இருக்கும் நூறு, நூற்றைம்பது மீட்டர் நரம்பும் பாறை விளிம்பில் உரசியபடி ஓடும். கரையில் நின்று ஜெயிக்க முடியாது. பரிசலில் ஏறி மீன் போகும் வழியே போக வேண்டும். பரிசல் தள்ளியவர்கள் பக்கத்துக் கிராமத்து ஆட்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த மாதத்தில் மீன் நிற்கும் என்று கைரேகை மாதிரி தெரிந்தவர்கள். அவர்களில் பலர் முன்பு வெடி போட்டும் வலை வீசியும் பிழைத்தவர்கள். முகாம் அவர்களை வழிகாட்டியாகவும் காவலாளியாகவும் சம்பளத்துக்கு எடுத்தது. தூண்டில்காரர்கள் தங்கள் தரப்புக்கு முதலில் எடுத்துவைக்கும் சான்று இதுதான். அது வலுவான சான்று என்றே எனக்குப் படுகிறது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய மீன் கரைக்கு வந்ததும் அதன் வாய் வழியே கயிறு கோத்து, தண்ணீரிலேயே கட்டிவைக்கும் வழக்கம் இருந்தது. மீன் மூச்சு தெளியட்டும் என்பது காரணம். வெளிச்சம் வந்தபின் படம் எடுக்கலாம் என்பதும் காரணம். அரை மணி நேரம் இழுபட்டுக் களைத்த மீனை அப்படிக் கட்டுவதும், மடியில் தூக்கிவைத்துப் படமெடுப்பதும் அதற்கு நல்லதல்ல. காவிரியில் உள்ள இன்னொரு வகையான நீலத்துடுப்பு மஹ்சீரை வைத்து 2016-இல் வெளியான ஓர் உடலியல் ஆய்வு, இந்த மீன் பொதுவாகப் பிடித்து விடுவதைத் தாங்கக்கூடியது என்றும், இழுபடும் நேரம் நீள நீளத் தளர்ச்சி கூடுகிறது என்றும் காட்டியது. ஆக, விட்ட மீன் பெரும்பாலும் பிழைக்கிறது. எப்படிப் பிடித்தோம், எவ்வளவு நேரம் காற்றில் வைத்தோம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

பிழைத்தாலும், விளையாட்டுக்காக ஓர் உயிரை வதைக்கலாமா என்ற கேள்வி நிற்கிறது. இதற்கு உலகம் ஒரே பதில் சொல்லவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கட்த்ரோட் என்ற ட்ரவுட் இனம் ஆற்றில் பிறந்து, கடலோரமாகவே மேய்ந்து, மீண்டும் ஆற்றுக்கு ஏறுகிறது. இலையுதிர் காலத்தில் முழங்கால் அளவு கடல்நீரில் நின்று ஃப்ளை வீசி அதைப் பிடிப்பது அங்கே பெரிய மரபு. கடலில் பிடித்தால் விட்டே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். சுவிட்சர்லாந்தில் இதற்கு நேர்மாறு. விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதே அங்கே குற்றம். சாப்பிடுவதற்கென்றால் பிடி, விளையாட்டுக்கு வதைக்காதே என்பது அவர்கள் நியாயம். இரண்டும் முன்னேறிய நாடுகள்தான், இரண்டும் மீன்மேல் அக்கறை உள்ளவைதான். வதை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் இனமே அழியும் நிலையில், அந்த ஒரு வாதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

இனி, முகாம்கள் விட்டுப்போன குறிப்பேடுகளைப் பார்ப்போம். காலிபோரே முகாமில் தூண்டில் போட்டவர்கள் எத்தனை மணி நேரம் போட்டார்கள், எத்தனை மீன், என்ன எடை, என்ன நிறம் என்று எழுதி வைத்திருந்தார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், கேரளத்தின் ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் 1998 முதல் 2012 வரையிலான இந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள், ஒரு கிலோவிலிருந்து 46 கிலோ வரை. மொத்தமாகப் பார்த்தால் மகிழ்ச்சியான கணக்கு. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிடிபடும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. மஹ்சீர் மீண்டுவிட்டது என்று யாரும் சொல்லியிருப்பார்கள்.

மீனை நிறம் பார்த்துப் பிரித்ததும் கதை மாறியது. கூடியதெல்லாம் நீலத்துடுப்பு மஹ்சீர். திமில் உள்ள ஆரஞ்சுத் துடுப்பு மஹ்சீரின் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. அதோடு, பிடிபட்ட திமில் மீன்களின் சராசரி அளவு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டிருந்தது. பெரிய மீன் கிடைப்பது தூண்டில்காரருக்குச் சந்தோஷம். ஆய்வாளருக்கு அது கெட்ட செய்தி. கிழட்டு மீன்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, குஞ்சு வரவில்லை என்று அதற்குப் பொருள். ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆண்டுதோறும் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை குறைந்துகொண்டே போவதைப் போன்றது இது. ஊர் இன்றைக்கு நிறைந்திருப்பதாகத் தெரியும், பத்து வருடம் கழித்துப் பார்த்தால் காலி.

நீலத்துடுப்பு எங்கிருந்து வந்தது? அது கிருஷ்ணா படுகையின் மீன். டாடா மின் நிறுவனம் 1970-களின் தொடக்கத்திலிருந்து லோனாவாலாவில் மஹ்சீர் குஞ்சு பொரிப்பித்து நாட்டின் பல ஆறுகளுக்கும் கொடுத்தது. மஹ்சீர் அழிகிறதே என்ற உண்மையான கவலையில் செய்த காரியம் அது. அந்தக் குஞ்சுகள் காவிரியிலும் இருப்புச் செய்யப்பட்டன. மீன்வளத் துறை செய்தது, தூண்டில் சங்கத்தாரும் ஆசையோடு செய்தார்கள். எல்லாம் மஹ்சீர்தானே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காவிரிக்கே உரிய இனம் ஒன்று தனியாக இருக்கிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை. வேற்றாற்று மீன் பெருகி, சொந்த மீனின் இடத்தையும் இரையையும் எடுத்துக்கொண்டது. இரண்டும் கலந்து கலப்பினம் உண்டாகும் ஆபத்தும் இருக்கிறது. திமில் மஹ்சீரின் சரிவுக்குத் தூண்டில் முள்ளைவிட இந்த இருப்புச் செய்தலுக்கே பெரும் பங்கு உண்டு என்பதை அந்தக் குறிப்பேடுகள் காட்டிக்கொடுத்தன. நல்ல எண்ணத்தில் நிகழ்ந்த இந்தக் கேட்டைப் பற்றி நம் மீன்வளத் துறைகள் இன்னும் வெளிப்படையாகப் பேசாதது எனக்கு வருத்தமே.

எப்படி உறைக்காமல் போனது? அந்த மீனுக்கு அப்போது சரியான அறிவியல் பெயரே கிடையாது. 1839-இல் சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி தக்காணத்தில் விவரித்த வேறொரு மீனின் பெயரைத் தலைமுறை தலைமுறையாக இதற்குச் சூட்டிவந்தார்கள். அமராவதியில் சேரும் பாம்பாற்றில், கேரளப் பகுதியில் கிடைத்த சிறு மீன்களை வைத்து டோர் ரெமாதேவி என்று ஓர் இனம் பின்னர் விவரிக்கப்பட்டது. காவிரியின் திமில் மஹ்சீரும் அதுவும் ஒன்றே என்று 2018 ஜூன் மாதம் பிளாஸ் ஒன் இதழில் வந்த கட்டுரை நிறுவியது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலனும் அதை எழுதியவர்களில் ஒருவர். அந்த ஆய்வுக்குத் திமில் மீன்கள் கிடைத்தது காவிரியின் தலையாய மடுக்களில் அல்ல, தமிழ்நாட்டின் மாயாற்றில்.

இதற்குள் 2012-இல் தடை வந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் பொறிவைப்பதும் இரைவைத்து ஈர்ப்பதும் அடங்கும். 1987-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இந்த முகாம்கள் இருந்தன. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று சட்டத்தைப் படித்தார்கள். முகாம்கள் சாதாரணக் காட்டு விடுதிகளாயின. சட்டத்தின் எழுத்துப்படி இது தவறில்லை. புலிக்கும் யானைக்கும் ஒரு நியாயம், மீனுக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அதே நாளில் இரண்டு விஷயங்கள் நின்றுபோயின. மடுவுக்கு மடு சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த ஆள் போனார். மீன் கணக்கு எழுதும் குறிப்பேடும் மூடப்பட்டது. தடைக்குப் பின் வெடி கூடிவிட்டது என்று பழைய வழிகாட்டிகளும் தூண்டில்காரர்களும் சொல்கிறார்கள். அதை எண்ணாக நிறுவ வழியில்லை, எண்ணுகிறவர்கள் இல்லாமல் போனதால்.

முகாம் இருந்ததால் மட்டுமே ஆறு காக்கப்பட்டது என்பதும் மிகை. காவிரியிலேயே ஹாசன் மாவட்டத்து ராமநாதபுரத்திலும், துங்கை ஆற்றில் சிருங்கேரியிலும் படித்துறையில் மீன்கள் கூட்டங்கூட்டமாகப் புரள்கின்றன. யாத்ரீகர்கள் பொரி போடுகிறார்கள், யாரும் வலை வீசுவதில்லை. காசு இல்லாமல், முகாம் இல்லாமல், ஊர்க் கட்டுப்பாட்டால் நடக்கும் காவல் அது. உத்தராகண்டில் கார்பெட் பூங்காவுக்கு வெளியே மேற்கு ராம்கங்கையில் தூண்டில் வருமானம் கிராமங்களுக்குப் போய், அவர்களே ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. பக்தியோ வருமானமோ, எதுவானாலும் கரையில் ஆள் இருந்தால் மீன் பிழைக்கிறது. ஆள் இல்லாத வெற்றுச் சரணாலயப் பலகை மீனைக் காக்காது.

மற்ற இடர்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அவை ஊரறிந்தவை. மஹ்சீர் மழைவெள்ளத்தில் எதிரேறிப் போய், கூழாங்கல் படுகையில் முட்டையிடும் மீன். கிருஷ்ணராஜசாகரும் கபினியும் மேட்டூரும் அந்தப் பயணத்தைத் துண்டாடிவிட்டன. மணல் அள்ளுவதால் முட்டையிடும் இடமே போகிறது. பெங்களூரின் சாக்கடை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கு வந்து, சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. குடிக்க எடுத்த தண்ணீரைக் கழிவாக்கி அதே ஆற்றுக்குத் திருப்பி அனுப்பும் நகரம் நம்முடையது. மேகதாதுவில் 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டினால், ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் காடு மூழ்கும். அந்த அணை பற்றிய சண்டையில் கர்நாடகமும் தமிழ்நாடும் தண்ணீர்ப் பங்கைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. ஓடும் ஆறு தேங்கிய ஏரியானால் காவிரியின் கடைசித் திமில் மஹ்சீர் மடுக்கள் அதோடு முடிந்தன என்பதை யாராவது மன்றத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம்? பழைய முகாம்களை அப்படியே திறப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சுற்றுலாவுக்காகத் தூண்டில் என்றால், பெரிய மீன் பிடித்துக் கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் முகாம்காரர் தலையில் ஏறும். குஞ்சு கொண்டுவந்து விடும் ஆசை அங்கேயும் பிறந்தது. அதே நேரம் முழுத் தடையும் நம்மைக் குருடாக்கிவிட்டது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. அறிவியல் ஆய்வுக்காகச் சரணாலயத்துக்குள் அனுமதி தர வனவிலங்குச் சட்டத்திலேயே இடமுண்டு. கர்நாடக வனத்துறை, பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய வழிகாட்டிகள் மூவரும் சேர்ந்து, ஆண்டில் சில வாரம், தண்ணீர் தெளிந்த பருவத்தில், எதிர்முள் இல்லாத ஒற்றை முள் தூண்டிலால் மீன் பிடித்து, அளந்து, மரபணுவுக்குத் துளி மாதிரி எடுத்து, தண்ணீரை விட்டு வெளியே தூக்காமல் விட வேண்டும். கயிற்றில் கட்டுவது கூடவே கூடாது. வழிகாட்டிகளுக்கு ஆண்டு முழுதும் ஆற்றுக் காவலர் வேலை தர வேண்டும். அதற்கு முன்னால், காவிரிப் படுகையில் நீலத்துடுப்புக் குஞ்சு விடுவதை இரு மாநில மீன்வளத் துறைகளும் எழுத்துபூர்வமாக நிறுத்த வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பெரும் பொறுப்பு இருக்கிறது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எல்லையில் ஆற்றின் இரு கரையும் இப்போது சரணாலயம். மாயாறோ முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் வழியே பவானிசாகருக்குப் போகிறது. அதன் நீர்மட்டம் மேலே உள்ள மின்நிலையங்கள் திறந்துவிடும் தண்ணீரைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. முட்டையிடும் மாதங்களில் அந்த ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்துவது மின்வாரியத்தால் முடியாத காரியமல்ல. புலிக்குக் கணக்கெடுப்பு நடக்கும் அதே காட்டில், அந்த மீனுக்கும் ஒரு கணக்கெடுப்பு தொடங்கலாம்.

பெங்களூரில் இன்னும் பல வீடுகளின் அலமாரியில் முகாம் காலத்துக் குறிப்பேடுகளும் மீனோடு எடுத்த படச்சுருள்களும் இருக்கின்றன. தேதி, இடம், எடை, துடுப்பின் நிறம் தெரிகிற ஒவ்வொரு பழைய படமும் சான்றுதான். 1998-க்கு முன்னால் எந்த மீன் எங்கே இருந்தது என்பதை இனி அவை மட்டுமே சொல்ல முடியும். அவற்றை வைத்திருப்பவர்கள் அருள்கூர்ந்து குப்பைக்குப் போடாதீர்கள். மஹ்சீர் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத் துறை ஏதேனும் ஒன்றுக்கு ஒரு நகலாவது கொடுங்கள்.